வேட்டைத் துப்பாக்கியோடு விமானப் பயணம்: பெட்டி பற்றிய வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்காகச் சொந்தத் துப்பாக்கியோடு விமானத்தில் செல்லவிருக்கும் வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் பெட்டியைப் பற்றியும் அதை எடுத்துச் செல்வதைப் பற்றியும் இருப்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: கிரீன் கார்டு பெற்று மின்னசோட்டாவில் வசிக்கிறேன். அலுவலக நண்பர்களுடன் மொன்டானாவுக்கு எல்க் வேட்டைக்குப் போகிறேன். என்னிடம் 24 அங்குலக் குழல் கொண்ட .30-06 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் இருக்கிறது, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பொருத்தியது. சுடும் மைதானத்துக்குக் கொண்டு போவதற்காக வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் உண்டு. விமானத்துக்கு அதுவே போதுமா? புதிதாக வாங்குவதென்றால் எப்படிப்பட்டதை, எந்த அளவில் வாங்க வேண்டும்?

பதில்: இருக்கும் பெட்டி போதுமா என்பதை நீங்களே வீட்டில் சோதித்துவிடலாம். குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட துப்பாக்கியை உள்ளே வைத்து, போடக்கூடிய பூட்டுகள் எல்லாவற்றையும் போட்டு, நான்கு மூலைகளிலும், இரண்டு பூட்டுகளுக்கு நடுவே உள்ள நீண்ட விளிம்பிலும் விரல்களைக் கொடுத்து மூடியை வலுவாக நெம்பிப் பாருங்கள். விளிம்பு விலகி விரல் உள்ளே போனால் அந்தப் பெட்டி விமானத்துக்கு உதவாது. மைதானத்துக்குக் காரில் எடுத்துச் செல்வதற்கென்று விற்கப்படும் மெல்லிய பெட்டிகள் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை. நாலடி நீளமுள்ள மூடியைக் கைப்பிடியின் இரு பக்கமும் உள்ள இரண்டு துளைகளில் போட்ட பூட்டுகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும்போது மூலைகள் வளைந்து கொடுக்கத்தான் செய்யும்.

விதி எதிர்பார்ப்பதும் இந்த உறுதியைத்தான். அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49ஆம் தலைப்பில் உள்ள 1540.111ஆம் பிரிவு, செக்-இன் செய்யும் துப்பாக்கிக்கு நான்கு நிபந்தனைகளை வைக்கிறது: விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, பெட்டி கடினமான பக்கங்கள் கொண்டதாக இருக்க வேண்டும், அது பூட்டப்பட்டு அதன் சாவியோ எண்ணோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ., பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கியை யாரும் எட்டவே முடியாதபடி இருக்க வேண்டும் என்றும், எளிதில் திறக்கக்கூடிய பெட்டியை ஏற்க முடியாது என்றும், கடையில் துப்பாக்கியோடு வந்த பெட்டி இதற்குப் போதாமல் போகலாம் என்றும் வெளிப்படையாக எச்சரிக்கிறது. ஆகவே பெட்டி வாங்கப் போகும்போது பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பு பூட்டுத் துளைகள் எத்தனை, அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நீளமான பெட்டியின் இரு கோடிகளுக்கு அருகிலும் துளை இருப்பது அவசியம். நடுவிலும் இருந்தால் இன்னும் நல்லது. துளையைச் சுற்றி எஃகுத் தகடு பதித்திருந்தால், பூட்டை அசைத்து அசைத்துப் பிளாஸ்டிக்கைக் கிழிப்பது கடினமாகும்.

அடுத்தது அளவு. இங்கே பலர் துப்பாக்கியின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். 24 அங்குலக் குழல் கொண்ட .30-06 ரைஃபிள் அடிக்கட்டையிலிருந்து குழல் முனை வரை பெரும்பாலும் 44, 45 அங்குலம் இருக்கும். உங்களுடையதை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். அடிக்கட்டையில் தடித்த ரப்பர் பேடு போட்டிருந்தால் அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். இரு முனைகளிலும் குறைந்தது ஒன்றரை அங்குல ஃபோம் இருந்தால்தான், பெட்டி செங்குத்தாக நின்று தரையில் மோதும்போது அந்த அதிர்ச்சி குழல் முனைக்குப் போகாது. ஆகவே உள்நீளம் 48 அங்குலத்துக்குக் குறையாத பெட்டியாகத் தேடுங்கள். வெளிநீளத்தைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கும் பெட்டிகள் உண்டு. நமக்கு வேண்டியது உள்ளளவு. உதாரணத்துக்குப் பெலிகன் நிறுவனத்தின் பெட்டிகளை எடுத்துக்கொண்டால், 1750 என்ற எண் கொண்டதன் உள்நீளம் 50 அங்குலத்துக்குச் சற்று மேல், அகலம் 13.5 அங்குலம், ஆழம் 5.25 அங்குலம், உங்கள் துப்பாக்கி அதில் தாராளமாக அமரும். அதே அகலமும் ஆழமும் கொண்ட 1720 என்ற பெட்டியின் உள்நீளம் 42 அங்குலம்தான். கடையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டாவதில் உங்கள் துப்பாக்கியை முழுதாக வைக்க இடமில்லை. எஸ்.கே.பி. போன்ற பிற நிறுவனங்களும் இதே தரத்தில், அச்சில் வார்த்த கெட்டியான பாலிப்ரொப்பிலீன் பெட்டிகளைச் செய்கின்றன. மேலே சொன்ன நெம்பும் சோதனையில் தேறி, உள்ளளவும் பொருந்தினால் எந்தப் பெயருடையதையும் வாங்கலாம்.

அகலத்தையும் ஆழத்தையும் அளக்கும்போது துப்பாக்கியைப் பக்கவாட்டில் கிடத்தி அளக்க வேண்டும். தோட்டாக்கள் இருக்கும் மேகசினின் அடிப்பகுதியிலிருந்து ஸ்கோப்பின் உச்சி வரை எவ்வளவு அங்குலம் என்பது அகலம். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டின் கைப்பிடியும், ஸ்கோப்பின் பக்கத்துத் திருகுக் குமிழும் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கின்றன என்பது ஆழம். போல்ட்டைக் கழற்றி ஃபோமில் தனிக் குழி வெட்டி அதில் வைப்பதை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். ஆழம் குறையும் என்பதோடு, கவுண்டரில் பெட்டியைத் திறக்கச் சொன்னால், துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை எதையும் கையில் எடுக்காமலேயே காட்டிவிடலாம்.

கட்டையைக் கழற்றி, குழலும், போல்ட் அமரும் ரிசீவரும் சேர்ந்த பகுதியைத் தனியாக வைத்தால் 36 அங்குலப் பெட்டியே போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அவ்வளவு சிறிய பெட்டியைத் துப்பாக்கிப் பெட்டி என்று யாரும் சட்டென்று அடையாளம் காணவும் மாட்டார்கள். ஆனால் போய்ச் சேர்ந்ததும் கட்டையின் திருகுகளைத் தயாரிப்பாளர் சொல்லும் முறுக்களவில் மீண்டும் இறுக்க வேண்டும். அதற்கு முறுக்களவைக் காட்டும் டார்க் ஸ்குரூடிரைவர் வேண்டும். சுட்டுப் பார்த்து ஸ்கோப்பைச் சரிசெய்ய நேரமும் இடமும் வேண்டும். முதல்முறை போகும் உங்களுக்கு முழு நீளப் பெட்டிதான் சரி.

பெட்டிக்குள் இருக்கும் ஃபோமைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை; எனக்கு அது மூடியின் உறுதிக்கு அடுத்தபடியாக முக்கியமானதாகப் படுகிறது. முட்டை அட்டை போல மேடுபள்ளமான மென்மையான ஃபோம் மேலும் கீழும் இருக்கும் பெட்டியில், துப்பாக்கியின் எடை முழுவதும் கனமான ரிசீவர் பகுதியில் இறங்க, மூடியை அழுத்தும்போது அந்த அழுத்தம் நேராக ஸ்கோப்பில் விழும். ஸ்கோப்பும் அதன் பிடிகளும் எதன் மீதும் அழுந்தக் கூடாது. கட்டையும், ரிசீவருக்கு முன்னால் உள்ள குழலின் தடித்த பகுதியும் எடையைத் தாங்க, ஸ்கோப்பைச் சுற்றி அரை அங்குலமாவது வெற்றிடம் இருக்கும்படி குழி வெட்டுங்கள். சிறு சதுரங்களாகப் பிய்த்தெடுக்கும் ஃபோம் வசதியானது, ஆனால் சதுரங்களுக்கு இடையிலான மெல்லிய சுவர் சில பயணங்களிலேயே கிழிந்து துப்பாக்கி ஆடத் தொடங்கிவிடும். கத்தியால் வெட்டி எடுக்கும் கெட்டியான பாலிஎத்திலீன் ஃபோம் நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தையும் உறிஞ்சாது. வெட்டுவதற்கு முன் துப்பாக்கியைக் காகிதத்தில் வைத்துக் கோடு வரைந்து, கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டினால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

காற்றுப் புகாத ரப்பர் வளையம் கொண்ட பெட்டியாக இருந்தால் அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விமானம் உயரத்தில் பறக்கும்போது அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழக் கால்பங்கு வரை குறைந்திருக்கும். அந்த உயரத்தில் பெட்டிக்குள்ளிருந்து காற்று கசிந்து வெளியேறி, தரையிறங்கும்போது திரும்ப உள்ளே வர வழியில்லாவிட்டால், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 50 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் உள்ள மூடியில் அந்த வித்தியாசம், கணக்குப்படி ஒரு டன்னை ஒட்டிய எடைக்குச் சமமாகலாம். மொன்டானாவின் போஸ்மன் விமான நிலையம் ஏறத்தாழ 4,470 அடி உயரத்தில் இருப்பதால் போகும்போது இது அவ்வளவாகத் தெரியாது. சுமார் 840 அடி உயரத்தில் உள்ள மினியாபொலிஸுக்குத் திரும்பும்போதுதான் பெட்டி திறக்க மறுக்கும். வால்வு கையால் திருகும் வகையாக இருந்தால் அதைத் தளர்த்திய பிறகு திறங்கள். ஒருபோதும் ஸ்குரூடிரைவரால் மூடியை நெம்பாதீர்கள்.

கடைசியாக எடை. பெரும்பாலான அமெரிக்க விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்புப் பயணியின் ஒரு பெட்டிக்கு 50 பவுண்டு, அதாவது 23 கிலோ என்று வரம்பு வைத்திருக்கின்றன. இந்த அளவுள்ள கெட்டியான பெட்டி காலியாகவே 12 கிலோவை ஒட்டி வரும்; ஸ்கோப்போடு துப்பாக்கி 4 கிலோ; பூட்டுகளும் 20 தோட்டாக்கள் கொண்ட இரண்டு அட்டைப் பெட்டிகளும் சேர்ந்தால் இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோ. மீதி ஐந்து கிலோதான். இரண்டு துப்பாக்கிகளுக்கான அகலப் பெட்டியை, பின்னால் தேவைப்படும் என்று இப்போதே வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நீளம் காரணமாகத் தனிக் கட்டணம் உண்டா, பெட்டியில் துணிமணி வைக்கலாமா என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பயணச்சீட்டு வாங்கும் முன்பே அவர்களுடைய துப்பாக்கி விதிகளைப் படித்துவிடுங்கள். ஒரு முனையில் சக்கரம் இருக்கும் பெட்டியாக வாங்குங்கள். விமான நிலையத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இந்த எடையைக் கையால் தூக்கி நடப்பது மிகவும் சிரமம்.

எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும், மொன்டானாவில் இறங்கியதும் வேட்டைக்குப் போகும் முன் 100 கஜத்தில் சில குண்டுகள் சுட்டு ஸ்கோப்பின் குறியைச் சரிபாருங்கள். குறி விலகிய துப்பாக்கியால் எல்க்கைக் காயப்படுத்திவிட்டு, அது காட்டுக்குள் ஓடிச் சாகும்படி விடுவது வேட்டைக்காரர் செய்யத் தகாத செயல். இதற்காக அரை நாள் ஒதுக்கினால் தப்பில்லை.

கேள்வி: டி.எஸ்.ஏ. முத்திரை உள்ள பூட்டுத்தான் போட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். போடவே கூடாது என்கிறார் இன்னொருவர். ஊரிலிருந்து கொண்டுவந்த திண்டுக்கல் பித்தளைப் பூட்டுகள் இரண்டு வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் போடலாமா? (ஒரு வாசகர், டெக்சஸ்)

பதில்: துப்பாக்கிப் பெட்டிக்கு எந்த வகைப் பூட்டையும் பயன்படுத்தலாம், டி.எஸ்.ஏ. முத்திரை உள்ளதும் அதில் அடங்கும் என்று அந்த நிர்வாகமே சொல்கிறது. ஆகவே இருவர் சொல்வதும் விதிப்படி சரியல்ல. ஆனால் எதைத் தேர்வது என்று என்னைக் கேட்டால், முத்திரை இல்லாத நல்ல பூட்டைத்தான் சொல்வேன். முத்திரை உள்ள பூட்டுகளை அதிகாரிகள் பொதுச் சாவியால் திறக்க முடியும். அந்தப் பொதுச் சாவிகளை முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்துகொள்வதற்கான வடிவங்கள் 2015இலேயே வெளியாகிவிட்டன. சாதாரணத் துணிப் பெட்டிக்கு அது பெரிய இழப்பல்ல. துப்பாக்கிப் பெட்டியின் சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதியே சொல்லும்போது, ஊரெல்லாம் சாவி இருக்கும் பூட்டை ஏன் போட வேண்டும்?

திண்டுக்கல் பூட்டைப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அதன் கொண்டி பெட்டியின் துளைக்குள் நுழைகிறதா என்று மட்டும் பாருங்கள். துளையைவிடக் கொண்டி தடித்திருந்தால் நுழையாது. மிக மெலிந்திருந்தால் நடுவே உள்ள இடைவெளியில் கம்பியை விட்டு நெம்பலாம். துளையை ஏறக்குறைய நிரப்பும் தடிமனும், பூட்டிய பின் அதிகம் தொங்காத குட்டையான கொண்டியும் இருக்க வேண்டும். நீளமாகத் தொங்கும் பூட்டு கன்வேயர் பெல்ட்டில் மாட்டி உடையும். பெட்டியில் நான்கு துளைகள் இருந்தால் நான்கிலும் பூட்டு போடுங்கள். ஒரே சாவியால் திறக்கும் நான்கு பூட்டுகளாகச் சேர்த்து விற்கிறார்கள். அவற்றை வாங்கினால் கவுண்டரில் சாவிக்கொத்தைத் துழாவ வேண்டியிருக்காது. ஒரு சாவியைக் கழுத்திலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொண்டு, மாற்றுச் சாவியை உடன் வரும் நண்பரிடம் கொடுக்காமல் உங்கள் கைப்பையிலேயே தனியாக வையுங்கள்.

கவுண்டரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் செக்-இன் செய்துவிட்டுப் பெட்டியை மட்டும் வாசலில் ஒப்படைக்க முடியாது. விமான நிறுவனக் கவுண்டருக்கே போய், குண்டு நிரப்பாத துப்பாக்கி ஒன்று செக்-இன் லக்கேஜில் இருக்கிறது, அதைத் தெரிவிக்க வந்திருக்கிறேன் என்று அமைதியாகச் சொல்ல வேண்டும். கையெழுத்திடச் சொல்லி ஓர் அட்டையைத் தருவார்கள். அது பெட்டிக்குள்ளே போகும். பெட்டியின் வெளியே துப்பாக்கி இருக்கிறது என்று எழுதி ஒட்டும்படி விமான நிறுவனம் கேட்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. நீங்களும் துப்பாக்கி நிறுவனங்களின் ஸ்டிக்கர் எதையும் வெளியே ஒட்டாதீர்கள், திருடனுக்கு அதுவே விளம்பரமாகிவிடும். பெட்டி சோதனையைத் தாண்டிவிட்டது என்று சொல்லும்வரை அருகிலேயே இருங்கள்; திறக்க வேண்டியிருந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கேள்வி: தோட்டாக்களையும் அதே பெட்டியில் வைக்கலாமா? போல்ட்டை மட்டும் பாதுகாப்புக்காகக் கைப்பையில் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். (ஒரு வாசகி, கலிஃபோர்னியா)

பதில்: போல்ட்டைக் கைப்பையில் வைக்கவே வைக்காதீர்கள். போல்ட், மேகசின், ஃபயரிங் பின் ஆகியவை துப்பாக்கியின் பாகங்களாகக் கருதப்படுவதால் விமானத்துக்குள் அனுமதி இல்லை. பூட்டிய பெட்டியில்தான் போக வேண்டும். ஸ்கோப் மட்டும் இதற்கு விலக்கு. அதைத் தனியாகக் கழற்றினால் கைப்பையில் கொண்டுபோகலாம்.

தோட்டாக்களை அதே பெட்டியில் வைப்பதை டி.எஸ்.ஏ. அனுமதிக்கிறது. அவை அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகத்தால் ஆன, தோட்டாவுக்கென்றே செய்யப்பட்ட பெட்டியில் இருக்க வேண்டும். பையில் உதிரியாகக் கொட்டக் கூடாது. விமான நிறுவனங்கள் பொதுவாக ஒருவருக்கு 11 பவுண்டு, அதாவது 5 கிலோ வரை அனுமதிக்கின்றன. கருமருந்தும், தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும், தனியாக விற்கும் பிரைமர்களும் எந்தப் பெட்டியிலும் போகக் கூடாது. துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் எளிதில் தீப்பற்றும் திரவங்களையும் ஸ்பிரேக்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, போய்ச் சேரும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கோப்புக்கும் தொலைவுமானிக்குமான உதிரி லித்தியம் பேட்டரிகள், இதற்கு நேர்மாறாக, கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி எங்கே இருக்கிறது என்று அறிய ஏர்டேக் போன்ற சிறிய கருவியை ஃபோமுக்கு அடியில் வைக்கலாம். அதிலிருக்கும் நாணய அளவு பேட்டரி அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் வருகிறது.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் தன் பழைய ரைஃபிளையும் அதன் பெட்டியையும் சேர்த்து விற்கிறார். வாங்கலாமா?

பதில்: பெட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. நண்பரின் துப்பாக்கியை மைதானத்தில் சற்று நேரம் கையில் வாங்குவதும் உடைமையாகக் கருதப்படலாம். அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு: அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது. மாநில அரசிடமிருந்து அந்த உரிமத்தைப் பெற்ற பிறகே மற்ற எதையும் செய்யுங்கள். உரிமம் ஒரு நாள் காலாவதியானாலும் துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றமாகிவிடும் என்பதையும், அதன் விளைவு விசாவையும் எதிர்காலக் கிரீன் கார்டையும் தொடும் என்பதையும் மறக்காதீர்கள். மாநிலச் சட்டங்கள் இன்னும் கடுமையாக இருக்கலாம். குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. அந்தக் கட்டணத்தைச் செலவாக நினைக்காதீர்கள்.

கேள்வி: பென்சில்வேனியாவிலிருந்து நியூவார்க் வழியாகப் பறக்கிறேன். வழியில் விமானத்தைத் தவறவிட்டால் துப்பாக்கிப் பெட்டியை என்ன செய்வது?

பதில்: பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். 1986ஆம் ஆண்டுத் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடியவர், நடுவே வேறு மாநிலங்களைக் கடந்து போவதை அனுமதிக்கிறது. துப்பாக்கி குண்டு நிரப்பாமல் இருக்க வேண்டும். பயணிக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கியோ தோட்டாவோ இருக்கக் கூடாது. காரில் தனி டிக்கி இல்லாவிட்டால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஆனால் 2005இல் யூட்டாவைச் சேர்ந்த பயணி ஒருவர் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, கைத்துப்பாக்கி இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு இரவு ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை கவுண்டரில் முறைப்படி தெரிவித்தபோது நியூ ஜெர்சி சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த வழக்கில், ஓட்டலில் தங்கிய இரவில் பெட்டி அவருக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அந்தச் சட்டம் அவரைக் காக்காது என்று மூன்றாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அந்த மனிதர் நேர்மையாக நடந்துகொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் சட்டம் அவருக்குத் துணை நிற்கவில்லை. ஆகவே விமானம் தவறினால், பெட்டி மறுநாள் வரை விமான நிறுவனத்தின் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று கவுண்டரில் சொல்லுங்கள். இயன்றால் நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் மாறாத நேரடி விமானமாகப் பாருங்கள். சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் சரி.

கேள்வி: கனடாவுக்கு மூஸ் மான் வேட்டைக்குக் கொண்டுபோக முடியுமா? பிறகு அதே துப்பாக்கியை இந்தியாவுக்கு எடுத்துச் செல்லலாமா?

பதில்: கனடாவுக்கு முடியும். வெளிநாட்டவருக்கான துப்பாக்கி அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, கையெழுத்திடாமல் கொண்டுபோய், எல்லையில் சுங்க அதிகாரியின் முன் கையெழுத்திட வேண்டும். 25 கனடிய டாலர் கட்டணம், 60 நாள் செல்லும். வழக்கமான நீண்ட வேட்டைத் துப்பாக்கிகளுக்குத்தான் இந்த எளிய வழி. அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன், துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலேயே அமெரிக்கச் சுங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோய் 4457ஆம் எண் படிவத்தில் பதிவு செய்துகொண்டால், திரும்பி வரும்போது இது இங்கிருந்து போனதுதான் என்று காட்டலாம். அதிகாரிகள் வரிசை எண்ணைப் பார்ப்பார்கள் என்பதால், எண் பொறித்த பக்கம் மேலே தெரியும்படி ஃபோமில் குழி வெட்டுங்கள்.

இந்தியாவுக்கு வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. ஆயுதச் சட்டமும் கடுமையானது.

கேள்வி: சென்ற ஆண்டு கொலராடோவிலிருந்து திரும்பி இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் குழலில் துரு. விலை உயர்ந்த, தண்ணீர் புகாத பெட்டி. ஏன் இப்படி?

பதில்: தண்ணீர் புகாத பெட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. மலையில் பனியில் நனைந்த துப்பாக்கியைக் குளிரிலிருந்து நேரே சூடான அறைக்குள் கொண்டுவந்து திறந்தால், குளிர்ந்த இரும்பின் மீது அறையின் ஈரக் காற்று பட்டுத் துளித்துளியாகப் படியும். அதைத் துடைக்காமல் மூடிப் பூட்டினால் ஃபோம் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்பை நாள்கணக்கில் நனைத்தபடியே இருக்கும். திறந்த துளைகள் கொண்ட மென்மையான ஃபோமில் இது இன்னும் மோசம்.

குளிரிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறக்காமல் அறையில் சில மணி நேரம் வைத்து, பெட்டியும் துப்பாக்கியும் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். ஊர் திரும்பும் முந்தைய இரவு, ஸ்கோப்பின் பிடிகளுக்கு அடியிலும் போல்ட்டின் உள்ளேயும் ஈரம் போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஒன்றிரண்டைப் பெட்டியில் போடலாம்; ஆனால் நனைந்த துப்பாக்கியின் ஈரத்தை அவை தீர்த்துவிடும் என்று நம்ப வேண்டாம். வீட்டுக்கு வந்த அன்றே துப்பாக்கியை வெளியே எடுத்துப் பூட்டும் அலமாரிக்கு மாற்றிவிட்டு, ஃபோமைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்து, மின்விசிறிக் காற்றில் இரு பக்கமும் நன்றாகக் காயவிட்டு மீண்டும் பொருத்துங்கள். பயணப் பெட்டியில் துப்பாக்கியை நிரந்தரமாக வைப்பது, ஈரமே படாத துப்பாக்கிக்கும் நல்லதல்ல.